அக்காவை ஏன் வாசிக்க வைத்தீர்கள்?

கேள்வி: எனக்கு 41 வயது. புவி இயற்பியல் ஆய்வாளன். என் அப்பா 1970களில் ஒரு நில அதிர்வு நிலையத்தில் உதவியாளராக இருந்தார். அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்க ராணுவப் பணத்தில் அமைத்த வலையமைப்பில் அதுவும் ஒன்று என்று சமீபத்தில் ஒரு கட்டுரையில் படித்தேன். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால், அதை அக்காவுக்கு அனுப்பி வாசித்துக் காட்டச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அதனால் என்ன?” என்றாராம். ஆறு மாதமாக நான் அவரோடு பேசவில்லை. அவர் வருத்தம் தெரிவிக்கும்வரை விலகி இருப்பது சரிதானே?

பதில்: சரியில்லை.

ராணுவம், மனசாட்சி எல்லாம் இருக்கட்டும், தம்பி. ‘அக்காவுக்கு அனுப்பி வாசித்துக் காட்டச் சொன்னேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. கண் தெரியாத மனிதருக்கு எதை வாசித்துக் காட்டுவதென்றாலும் அக்காதான். அவர் வாயாலேயே அப்பாவின் மேல் குற்றப்பத்திரிகை படிக்க வைத்திருக்கிறீர்கள். வாசித்து முடித்ததும் நீங்கள் தொலைவில் இருந்தீர்கள். அவர்கள் இருவரும் அதே கூரையின் கீழ் அன்றைய இரவைக் கழித்தாக வேண்டும். கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அக்காவைப் பற்றி வேறு ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் நேரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. குறைந்தபட்சம் தொலைபேசியில், உங்கள் குரலில்.

இப்போது உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1957இல் அமெரிக்கா நெவாடாவில் ‘ரெய்னியர்’ என்ற சோதனையை நடத்தியது. மலைக்குள் 1.7 கிலோடன், அதாவது 1,700 டன் வெடிமருந்துக்குச் சமமான அணுகுண்டு வெடித்தது. அப்புறம் வல்லரசுகளுக்கு ஒரே தலைவலி: பூமிக்கு அடியில் நடந்தது நிலநடுக்கமா, குண்டா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? அதுவரை ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு விதக் கருவி. ஒன்றின் பதிவை இன்னொன்றோடு ஒப்பிடவே பெரும்பாடு. அதனால் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் ‘வேலா யூனிஃபார்ம்’ திட்டப் பணத்தில், சுமார் 60 நாடுகளில் சுமார் 120 நிலையங்களுக்கு ஒரே மாதிரிக் கருவிகள் போயின. நோக்கம் கண்காணிப்புதான். அதில் நான் உங்களோடு சண்டை போடவில்லை.

ஆனால் அந்தப் பதிவுகள் பூட்டிய அலமாரிக்குள் போகவில்லை. நுண்படச்சுருளாக (மைக்ரோஃபிலிம்) நகலெடுத்தார்கள், கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அப்படிக் கிடைத்த பதிவுகளை வைத்துத்தான் அமெரிக்க நில அதிர்வு ஆய்வாளர் லின் சைக்ஸ் 1967இல் கடலடி மலைத்தொடரை வெட்டும் பிளவுகளில் தரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டு ஐசக்ஸ், ஆலிவர், சைக்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை, புவித்தட்டுகள் நகர்கின்றன என்பதற்கு நில அதிர்வுச் சான்றுகளை ஒரே இடத்தில் குவித்தது. உங்கள் துறை நிற்கிற தரை அது. இருபது வருடம் அதன் மேல் நடந்துவிட்டு, தரை எங்கிருந்து வந்தது என்று 41 வயதில் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்கிறீர்கள். வெட்கப்பட வேண்டுமென்றால் முதலில் இதற்குப் படுங்கள்.

கோபத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடலடி ஆழக் கோட்டுப் படங்களை வெளியிட அமெரிக்கக் கடற்படை விடாததால்தான் வரைபடக்காரர் மேரி தார்ப் நிலத்தோற்றப் படமாகக் கையால் வரைய வேண்டியிருந்தது. 1985இல் அதே கடற்படைக்காக ஏவிய ஜியோசாட் செயற்கைக்கோளின் கடல் ஈர்ப்பு அளவுகள் (கடலடியின் மேடுபள்ளம் அதில் தெரியும்) முழுதாக வெளிவரப் பத்து ஆண்டு ஆனது. நீர்மூழ்கிகளுக்கு எது தேவையோ அதற்குப் பணம் கொட்டியது, மற்ற கேள்விகள் வரிசையில் நின்றன. இதையெல்லாம் எழுதுங்கள், மாணவர்களிடம் சொல்லுங்கள். கேள்வி கேட்க வேண்டிய ஆட்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

உங்கள் அப்பா செய்தது என்ன? தினமும் உருளையிலிருந்து ஒளிப்படத் தாளைக் கழற்றி, புதுத் தாள் சுற்றி, பழையதை இருட்டறையில் கழுவிக் காயவைத்து, நாளும் நேரமும் குறித்தது. பூமிக்கு விடுமுறை கிடையாது, அந்த வேலைக்கும் கிடையாது. உங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்திருக்கும்.

குடித்துக் குடும்பத்தை அழித்த அப்பா, பிள்ளையை அடித்து நொறுக்கிய அப்பா என்றால் விலகிப் போங்கள் என்று நானே சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். வேலைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றியவரைக் கூண்டில் ஏற்றி மன்னிப்பு வாங்குவது ஒரு மகன் செய்கிற காரியமில்லை. என் காலத்து நினைப்பு என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

“அதனால் என்ன?” என்பதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள். அவர் நிஜமாகவே கேட்டிருக்கலாமே? தான் கழுவிய தாள்களிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான்.

இந்த மாதமே கிளம்புங்கள். ஒரு வாரமாவது தங்குங்கள். முதலில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த ஏழு நாளும் அவரை எங்காவது அனுப்பிவையுங்கள். காலையில் செய்தித்தாளை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அப்புறம், இருட்டில் அந்தத் தாளை எப்படிக் கழற்றினார் என்று கேளுங்கள். 1968இல் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை மறுநாள் சொல்லலாம்.