5 மீட்டர் அறையில் குப்புறப் படுத்துக் குறிபார்த்தல்

50 மீட்டர் துப்பாக்கிச் சுடுதலுக்கான இலக்குத் தாளைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி, போட்டித் திடலில் உள்ளதைப் போலவே 75 செ.மீ. உயரத்தில் ஒட்டித் தோட்டாவின்றிப் பயிலும்போது தோள் இறுகிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தாளைச் சுருக்கிய நீங்கள் உயரத்தைச் சுருக்க மறந்துவிட்டீர்கள்; அதனால் துப்பாக்கியை மிகையாக மேல்நோக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கிக் குழல் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்குமானால், எஞ்சும் 45 செ.மீ. வேறுபாடும் 4.5 செ.மீ. ஆகக் குறைய வேண்டும். எனவே இலக்கின் மையத்தை ஏறத்தாழ 34.5 செ.மீ. உயரத்தில் வையுங்கள். மேலும், இலக்குத் தாளின் நடுவிலுள்ள 112.4 மி.மீ. கருவட்டம் 11.24 மி.மீ. ஆகச் சுருங்கியபின் திடலில் தெரியும் அதே அளவில் தெரிய வேண்டுமானால், 5 மீட்டரைக் குழல் முனையிலிருந்து அல்லாமல் கண்ணிலிருந்தே அளக்க வேண்டும். 50 மீட்டரில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு மீட்டர் பிசகு இங்கே ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. படுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி காலியாக உள்ளதா என்று பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டி வையுங்கள்.