கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை

கேள்வி: மாடியில் தொட்டியில் கறிவேப்பிலை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. மண்புழு உரம், மக்கிய சாணம், கடலைப் பிண்ணாக்கு என்று போடாத உரம் இல்லை. அப்படியும் கொழுந்து மஞ்சளாகவே வருகிறது. செடிக்குச் சாப்பாடு பற்றவில்லையா, ஐயா?
— வாசகி, தாராபுரம்

பதில்: தொட்டியில் நாம் போடுவது செடிக்குச் சாப்பாடே இல்லை, அம்மா. முப்பத்தோரு வருஷம் தாவரவியல் நடத்தியவன் நான். செடி எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டால் வகுப்பே "மண்ணை" என்றுதான் சொல்லும்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்து விஞ்ஞானி வான் ஹெல்மான்ட் இதைத் தராசில் வைத்தே பார்த்தார். 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ்தான். நம் கணக்கில் 57 கிராம். அவர் இறந்தபின் 1648-ல் அச்சான நூலில் இது இருக்கிறது. எல்லாம் தண்ணீரால் வந்த எடை என்று அவர் முடிவுகட்டினார். காற்றை விட்டுவிட்டார். இலையிலுள்ள நுண்துளைகள் வழியே கரியமில வாயு நுழைகிறது, வேரிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. பச்சையம் பிடித்த வெயிலைக் கொண்டு இலை இரண்டையும் சர்க்கரையாக்குகிறது. அதுதான் சாப்பாடு.

அப்படியானால் அந்த 2 அவுன்ஸ் எதற்கு? உங்கள் செடியின் சங்கதி அதில்தான் இருக்கிறது. வேர் மண்ணிலிருந்து எடுப்பது உப்புகள்: தழைச்சத்து (நைட்ரஜன்), மக்னீசியம், இரும்பு இப்படி. பச்சையத்தின் நடுவில் இருப்பது ஒரு மக்னீசிய அணு. இரும்பு அதில் இல்லை. ஆனால் இரும்பில்லாமல் இலையால் பச்சையத்தை உண்டாக்க முடியாது.

ஒரு கொழுந்தைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை. அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. தழைச்சத்தைப் பழைய இலையிலிருந்து எடுத்துச் செடி கொழுந்துக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி எளிதில் நகர்த்த முடியாது.

எங்கள் வீட்டுச் செடிக்கும் இதே பாடு. போர் தண்ணீர், வாளியின் உட்புறம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது, வேருக்கு எட்டாது. என் மனைவி புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றிவந்தாள். சற்றுத் தேறியது, போதவில்லை. உரக்கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பு வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தேன். சில நாளில் துளி விழுந்த இடமெல்லாம் மஞ்சள் இலையில் பச்சைப் பொட்டுகள்! அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் மாடியில் நின்றேன்.

உங்கள் வாளியையும் பாருங்கள், அம்மா. வெள்ளை படிந்திருந்தால் பிண்ணாக்கை நிறுத்திவிட்டு, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். அன்னபேதியை முதலில் ஒரே கிளையில் தெளித்து, இலை கருகவில்லை என்று கண்டபின் மற்றதற்குத் தெளியுங்கள்.