அம்மாவுக்குப் பருப்பை நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று தெரிந்து இரண்டு மாதமாகிறது. ‘மூளையில் டாவ் என்ற புரதம் சேர்ந்திருக்கிறது’ என்றார் மருத்துவர். அன்றிலிருந்து முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றையும் குறைத்து, வெறும் கஞ்சிதான் கொடுக்கிறேன். நான் செய்வது சரியா?
– வாசகி, தோ பாயோ

பதில்: இன்று ராத்திரியே அம்மாவுக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சாப்பிடுகிற புரதம் குடலிலேயே சின்னச் சின்ன அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். டாவ் தட்டிலிருந்து மூளைக்கு ஏறுவதில்லை. நரம்பணுக்கள் தம் தேவைக்குத் தாமே செய்துகொள்வது அது. உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இருக்கிறது. (பையன்கள் கேலியாகச் சொல்லும் ‘டாவு’ இல்லை, கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர்.) 1975இல் பன்றியின் மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

கால்விரலை அசைக்கும் நரம்பணுவைப் பாருங்கள். முதுகுத்தண்டில், இடுப்புக்குச் சற்று மேலே உட்கார்ந்துகொண்டு, ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒற்றை இழையைக் கீழே விடுகிறது. அந்த இழைக்குள் நீளவாக்கில் நுண்குழாய்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 25 நானோமீட்டர் தடிமன்தான். டியூபுலின் என்ற மணிகள் கோத்துக் கோத்து வளரும், விட்டால் பொலபொலவென்று உதிரும். டாவ் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, பந்தல் மூங்கிலைக் கயிறு பிடிப்பதுபோல் பிடித்து வைக்கிறது. அணுவின் மறுபக்கம், செய்தி வாங்கும் கிளைகளில், இந்த வேலையைப் பார்ப்பது எம்.ஏ.பி.2 என்ற வேறொரு புரதம். எது எங்கே ஒட்டுகிறது என்பதும் சேர்ந்துதான் நரம்பணுவுக்கு அந்த நீண்ட உருவம் அமைகிறது. இந்தக் குழாய்களின் மேலேயே சரக்கும் போகிறது. வேகமான சரக்குகூட நாளுக்கு 400 மில்லிமீட்டர்தான். விரல்நுனிக்குப் போய்ச்சேர இரண்டரை நாளாவது ஆகும்!

அல்சைமரில் இந்த டாவ் மேல் பாஸ்பேட் என்ற சின்ன வேதித்துணுக்கு வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு ஏறிவிடுகிறது. பிடி தளர்ந்து, குழாயை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு முடிச்சாகிவிடும். 1906இல் அலோய்ஸ் அல்சைமர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன முடிச்சுகள் இவைதாம். ஆக, சிக்கல் புரதம் அதிகமாகிப் போனதில் இல்லை, இருக்க வேண்டிய இடத்தை விட்டு அது விலகியதில்தான். அதைக் கரைக்கும் பத்தியம் எதுவும் கிடையாது.

எனக்குக் கவலை தருவது கஞ்சிதான். இந்த நோயில் எடையும் தசையும் தானாகவே குறையும். புரதத்தையும் குறைத்தால் கால் தள்ளாடும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். உங்கள்மேல் தப்பில்லை, ‘புரதம் சேர்கிறது’ என்று கேட்டால் யாருக்குமே அப்படித்தான் தோன்றும். கஞ்சி அம்மாவுக்குப் பிடிக்குமென்றால் அதையே கொடுங்கள், அதில் முட்டையை உடைத்து ஊற்றி, டோஃபுவோ முள் எடுத்த மீனோ மசித்துப் போடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விழுங்கும்போது புரையேறினாலும், இருமினாலும் உடனே சொல்லுங்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகம் போகும்போது எடை பார்த்து எழுதி வையுங்கள். இந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கேட்பார்.