பாதி சார்ஜ் காட்டும்போதே அணைந்துபோகும் லித்தியம் பேட்டரி

கேள்வி: தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடியில் 3 கிலோவாட் சோலார். பழைய 4 டியூப்ளர் (ஈய-அமில) பேட்டரிகளை எடுத்துவிட்டு, அதே இன்வெர்ட்டரில் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி மாட்டி 14 மாதம் ஆகிறது. ராத்திரிக்கு இரண்டு ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி, லைட்டுகள், கேமரா. முதலில் விடியும்வரை நின்றது. மே மாதத்திலிருந்து 2 மணிக்கே கட் ஆகிவிடுகிறது, அதுவும் இன்வெர்ட்டர் 45 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே. கடையில் கேட்டால் லோடு அதிகம், இன்னொரு பேட்டரி போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் கடைக்காரர் சொன்ன லோடு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பழைய மாடல் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன் 9 மணி நேரம் ஓடினால் 1.35 யூனிட். ஃப்ரிட்ஜ் இரவு முழுக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல். டிவி, லைட், கேமரா எல்லாம் சேர்த்து 0.8 என்று வையுங்கள். மொத்தம் 2.8 யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பேட்டரியின் டி.சி.யை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும்போது வீணாவது பத்தில் ஒரு பங்கு. இதோடு பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு: இன்வெர்ட்டர் தான் உயிரோடு இருப்பதற்கே 50, 60 வாட் தின்னும். 12 மணி நேரத்துக்கு அதுவே 0.7 யூனிட். எல்லாம் கூட்டினால் பேட்டரியிலிருந்து 3.8 யூனிட் போகிறது. உங்கள் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 5 யூனிட். அதில் 90 சதவீதம் எடுத்தாலே 4.5 வருகிறது. ஆக, விடியும்வரை நிற்க வேண்டும். 14 மாதத்துக்கு முன் நிற்கவும் செய்தது.

உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வீட்டு எம்.சி.பி.களை (போர்டில் இருக்கும் பிரேக்கர் சுவிட்சுகளை) எல்லாம் அணைத்துவிட்டு, டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி வயரில் மாட்டினால் ஒன்றேகால் ஆம்பியர் அளவில் காட்டும். அது இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். என் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கான ஆட்டோமேட்டிக் மோட்டாரை எலக்ட்ரீசியன் இன்வெர்ட்டர் லைனில் இழுத்துவிட்டுப் போயிருந்தார். ராத்திரி யாராவது பாத்ரூம் போனால் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அடுத்தது வெயில். இப்போது உங்கள் பக்கம் சாரல் காலம். நல்ல வெயிலில் 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட் வரை கிடைக்கும். மூட்டமான நாளில் பாதிகூடக் கிடைக்காது. பகல் லோடு போக மிஞ்சியதுதான் பேட்டரிக்கு. ஆனால் தொல்லை மே மாதமே, நல்ல வெயிலிலேயே, தொடங்கிவிட்டது என்கிறீர்கள். எனவே மேகத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

என் சந்தேகம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வரும் ஒரு வார்த்தை மேல்: "அதே இன்வெர்ட்டரில்". டியூப்ளருக்கு வைத்த செட்டிங்கை யாரும் மாற்றவில்லை என்று நினைக்கிறேன். பேட்டரியோடு பேசத் தெரியாத இன்வெர்ட்டர் வோல்ட்டை வைத்துத்தான் சதவீதத்தை ஊகிக்கிறது. டியூப்ளரில் சார்ஜ் இறங்க இறங்க வோல்ட்டும் சீராக இறங்கும், அதனால் ஊகம் ஓரளவு சரியாக வரும். வீட்டு சோலாருக்கு வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அப்படியில்லை. 90 சதவீதத்திலிருந்து 20 வரை ஒரு செல்லின் வோல்ட் 3.3-ஐ ஒட்டியே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். லோடில் 48, 49 வோல்ட் என்றால் டியூப்ளருக்கு இன்னும் பாதி வயிறு. லித்தியத்துக்கு அது அடிமண்டி. உங்கள் 45 சதவீதம் இப்படி வந்ததுதான். அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

சரி, 2 மணிக்கே அடிமண்டிக்கு வருவானேன்? உங்கள் பேட்டரியில் பெரும்பாலும் 16 செல்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று 2.5 வோல்ட்டுக்கு விழுந்தால் போதும், மற்ற 15-இல் சரக்கு இருந்தாலும் உள்ளே இருந்து செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட் மொத்தத்தையும் அணைத்துவிடும். சார்ஜ் ஏறும்போதும் இதே கதைதான்: டியூப்ளர் செட்டிங்கில் 58 வோல்ட் வரை தள்ளும்போது ஒரு செல் முந்திக்கொண்டு 3.65-ஐத் தொட்டால் பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்திவிடும், பின்தங்கிய செல்கள் நிரம்பாமலே நின்றுவிடும். செல்களைச் சமன் செய்யும் வேலை பெரும்பாலான பேட்டரிகளில் 3.4 வோல்ட்டுக்கு மேலே, நிரம்பும் கட்டத்தில்தான் நடக்கிறது. அங்கே நின்று நிதானிக்க நேரமே கிடைக்காவிட்டால் ஏற்றத்தாழ்வு மாதாமாதம் கூடும்.

பேட்டரியின் புளூடூத் ஆப்பை இறக்கி, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் இரண்டு நேரங்களில் பாருங்கள்: மதியம் நிரம்பும் தறுவாயில், பிறகு இரவு அணைவதற்குச் சற்று முன். நடுவில் பார்த்துப் பயனில்லை. எல்லாச் செல்லும் ஒரே மாதிரிதான் தெரியும். இரவில் முதலில் விழும் செல், மதியம் கடைசியாக ஏறுகிறதா? அப்படியென்றால் செல் நல்லதுதான், சார்ஜில் பின்தங்கியிருக்கிறது, சரிசெய்துவிடலாம். அதே செல் மதியமும் முதலில் ஏறி, இரவும் முதலில் விழுகிறதா? அதன் கொள்ளளவே குறைந்துவிட்டது. வாரண்டியில் மாற்றித்தான் தர வேண்டும். ஆப் இல்லாத பேட்டரி என்றால் கடைக்காரர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துச் சொல்லலாம். உறையைத் திறக்க மட்டும் விடாதீர்கள், வாரண்டி போய்விடும்.

செட்டிங்கைப் பொறுத்தவரை, பேட்டரியின் மேல் 51.2 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் 16 செல். 48 என்றிருந்தால் 15 செல். 16 என்றால் சார்ஜ் 56 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பிறகு நிற்க வேண்டிய அளவு) 54, கீழ் எல்லை 48 வைக்கலாம். 15 செல்லுக்கு 52.5, 50.6, 45. பேட்டரியோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் சட்டம். அவ்வப்போது கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் ஏற்றும் ஈக்குவலைஸ் என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது டியூப்ளருக்கானது. இன்வெர்ட்டரில் லித்தியம் என்ற தேர்வும் பி.எம்.எஸ். கேபிளுக்கான துளையும் இருந்தால் அதை இணைப்பது எல்லாவற்றையும் விட மேல்.

பிறகு ஈ.பி.யிலிருந்தே 10, 15 ஆம்பியரில் மெதுவாக நிரப்பி, தினமும் சில மணி நேரம் மேல் வோல்ட்டிலேயே பிடித்து வையுங்கள். ஒரே நாளில் சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாதாரண பி.எம்.எஸ். 50 மில்லி ஆம்பியர் அளவில்தான் சமன் செய்யும். 5 ஆம்பியர்-அவர் வித்தியாசத்துக்கே 100 மணி நேரம் ஆகும். உங்களுடையதில் வித்தியாசம் அதைவிட அதிகமாக இருக்கும்போலத் தெரிகிறது. இரண்டு வாரத்தில் இரவு நேரம் நீளவில்லை என்றால் சர்வீஸ்காரர்தான் அந்தச் செல்லைத் தனியாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும்; அது வீட்டில் செய்யும் வேலையில்லை.

பேட்டரி வயர் முனைகளில் இறுக்கியிருக்கும் லக்கு என்ற உலோக மாட்டிகளையும் பாருங்கள். லோடு ஓடும்போது ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால் அது தளர்ந்திருக்கிறது. முறுக்கும் முன் சோலார் எம்.சி.பி.யை அணைத்து, அப்புறம் பேட்டரியை அணையுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் இரண்டு முனையிலும் ஒருசேரப் பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும்.

இந்த நிலையில் புதுப் பேட்டரியைப் பக்கத்தில் இணைத்தால் இரவு எப்படியும் விடியும். கோளாறு மறைந்துகொள்ளும், வாரண்டிக் காலமும் ஓடிவிடும். அதனால் ஆப்பில் தெரியும் மதிய, இரவு செல் வோல்ட்டுகளைத் தேதியோடு படமெடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கள். புதுப் பேட்டரிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால், அந்தப் படங்களுக்குப் பதில் வரும்வரை அதை வீட்டில் கொண்டுவந்து இறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.