பாரிசவாதத்தில் பேச்சு போனவர் எப்படிப் பாடுகிறார்?
பேச முடியாத அம்மம்மா, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திப் பாட்டு கேட்டதும் கூடவே பாடினார், எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொற்களைக் கோத்துப் பேசும் வேலை பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் நடக்கிறது. பேச்சிழந்த நோயாளி ஒருவருக்கு இடது முன்பகுதி பழுதாகியிருந்ததை 1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா காட்டினார். மெட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கும். அதோடு, ஆண்டாண்டாகப் பாடிய பாட்டில் ஒரு சொல்லே அடுத்ததை இழுத்து வரும்.

களுவாஞ்சிக்குடியில் எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான். தண்ணீர் கேட்க வாய் வராது, செம்பையே பார்த்துக் கண் கலங்குவார். ஆனால் ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிட்டால் பத்துவரை தடங்கலில்லாமல் போவார்.

பேச்சுச் சிகிச்சையாளரிடம் கட்டாயம் காட்டுங்கள். ‘தண்ணி தா’ என்பதை மெட்டாக இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிப் பழக்கும் முறை இருக்கிறது.