மேற்பரப்பு வேதியியலிலிருந்து பார்வை நரம்பியலுக்கு மாறினால் படித்ததெல்லாம் வீணா?

கேள்வி இதுதான்: "மேற்பரப்பு வேதியியலில் முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். ஆனால் கண் பார்ப்பதை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதில்தான் ஆசை. இப்போது அந்தப் பக்கம் மாறினால் ஐந்து வருட உழைப்பு வீணாகிவிடுமா?"

மாறலாம். நான் மாறியிருக்கிறேன். வீணாகுமா என்றால், கொஞ்சம் வீணாகும். ஆனால் எது வீணாகும், எது கூடவே வரும் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு முழுக்கத் தப்பாகிப் போனது. அதைச் சொல்கிறேன்.

ஐந்தரை வருடம் லாங்மியூர் தொட்டியோடு குடும்பம் நடத்தியவன் நான். உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மேற்பரப்பு வேதியியல் என்றால் இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பைப் படிப்பது. லாங்மியூர் தொட்டி என்பது ஆழமில்லாத வெள்ளை டெஃப்லான் தட்டு. விளிம்பையும் தாண்டி ஒரு நூல் உயரத்துக்குத் தண்ணீர் ததும்பி நிற்கும், வழியாது. குளோரோஃபார்மில் கரைத்த ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை மைக்ரோலிட்டர் சிரிஞ்சில் எடுத்து, ஊசி முனை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சொட்டுச் சொட்டாக வைக்க வேண்டும். கால் மணி நேரம் காத்திருந்தால் குளோரோஃபார்ம் ஆவியாகிவிடும். அமில மூலக்கூறுகள் மட்டும் தலையைத் தண்ணீரில் வைத்து, வாலை மேலே தூக்கிக்கொண்டு மிதக்கும். இரண்டு பக்கத் தடுப்புச் சட்டங்களையும் மெல்ல நெருக்கினால், ஒரு மூலக்கூறுக்கு ஏறக்குறைய 0.2 சதுர நானோமீட்டர் இடம் என்ற நிலையில், படலத்தின் அழுத்தத்தைக் காட்டும் வரைகோடு செங்குத்தாக ஏறும். திருவிழாக் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்து இனி நகர முடியாது என்ற நிலை.

வெறும் தண்ணீரை நெருக்கினால் கோடு அசையக் கூடாது. அசைந்தால் எங்கோ அழுக்கு. என் ஆராய்ச்சியின் பாதிக் காலம் அந்த அழுக்கைத் தேடியே போனது. ஒருமுறை பதினாறு நாள் ஒரு வரைகோடுகூடச் சரியாக வரவில்லை. தண்ணீரை மாற்றினேன், குளோரோஃபார்மை மாற்றினேன், தட்டைக் கழட்டி மூன்று தடவை கழுவினேன். கடைசியில் பார்த்தால் புதிதாக வந்த கையுறைப் பெட்டி. கையுறையிலிருந்து ஏதோ ஒரு பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருந்தது.

இந்தத் துறையின் பாட்டி ஒருவரை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கல்ஸ். பெண் என்பதால் பல்கலைக்கழகம் போக வழியில்லை. வீட்டில் சமையலும் பெற்றோருக்குப் பணிவிடையும். தகரத் தொட்டியில் தண்ணீர், குறுக்கே நகர்த்த ஒரு தகரப் பட்டை, தண்ணீர்ப் பரப்பை ஒட்டித் தொங்கும் ஒரு பொத்தான், அதைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்க ஒரு தராசு. இவ்வளவுதான் ஆய்வகம். 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் இயற்பியலாளர் லார்டு ரெய்லிக்குக் கடிதம் எழுதினார். ரெய்லியின் மனைவி அதை ஜெர்மனிலிருந்து மொழிபெயர்க்க, ரெய்லியே பரிந்துரைத்து அந்த மார்ச்சில் அது 'நேச்சர்' இதழில் வந்தது. என் தொட்டிக்குப் பெயர் கொடுத்த வேதியியலாளர் இர்விங் லாங்மியூருக்கு நோபல் கிடைத்தது 1932இல். அதே வருடம்தான் பொக்கல்ஸுக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது, எழுபது வயதில்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பட்டம் முடித்து, பார்வை பற்றி ஆராயும் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சியாளர்) ஆகச் சேர்ந்தேன். முதல் வேலை, தன்னார்வலர்களின் பின்மண்டையில் எலெக்ட்ரோடு ஒட்டி, திரையில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டங்களைக் காட்டுவது. நொடிக்கு இரண்டு தடவை கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 100 மில்லிநொடி கழித்து, மூளையின் பார்வைப் புறணியிலிருந்து, அதாவது பின்மண்டைப் பக்கம் பார்வையைக் கவனிக்கும் மேலடுக்கிலிருந்து, மின் அலையில் ஒரு சின்ன மேடு வரும். அதன் உயரம் சில மைக்ரோவோல்ட். மூளை சும்மா இருக்கும்போது எழுப்பும் அலைகளே அதைவிடப் பெரிது. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேறு உள்ளே புகுந்துவிடும். அதனால் நூறு தடவை காட்டிச் சராசரி எடுப்போம். இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும், மேடு மட்டும் மேலே எழுந்து தெரியும். நரம்பியல் மருத்துவர்கள் பார்வை நரம்பு அழற்சியைப் பார்க்க இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். மேடு தாமதமாக வந்தால் நரம்பின் உறை சிதைந்திருக்கலாம் என்று சந்தேகம்.

இரண்டாவது வாரம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். எலெக்ட்ரோடு ஒட்டினால் மின்தடை அறுபது கிலோ ஓம். ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. ஜெல்லை மாற்றினேன், வயரை மாற்றினேன், பெருக்கியை அணைத்துப் போட்டேன். அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கும் டெக்னீஷியன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு வந்திருக்கான் சார், வேற என்ன" என்றார். பையன் வெட்கத்தோடு, "அம்மா வெச்சு விட்டாங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐந்தரை வருடம் எண்ணெய்ப் படலத்தைப் படித்தவனுக்கு, கண்ணெதிரே மின்னும் தேங்காய் எண்ணெய் தெரியவில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட, அது அரை ஏக்கருக்குப் பரவிக் குளத்தையே கண்ணாடி போல அமைதியாக்கியது. கரண்டிக்கு ஐந்து மில்லி என்று வைத்துக் கணக்குப் போட்டால் படலத்தின் தடிப்பு இரண்டரை நானோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறு. அம்மா வைத்துவிட்டது அதைப் போல எத்தனை ஆயிரம் அடுக்கு! பையன் ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு வந்த பிறகு மூன்று கிலோ ஓம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நான் துறை மாறினேனே தவிர என் தொழில் மாறவில்லை என்று. இங்கேயும் இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. எலெக்ட்ரோடையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் மின்சாரம் ஓடுவது அயனிகளால், வயரில் எலெக்ட்ரான்களால். இடையில் கைமாற்றிவிட ஒரு தரகர் வேண்டும். வெள்ளித் தகட்டின்மேல் படிந்திருக்கும் வெள்ளி குளோரைடு அடுக்குதான் அந்தத் தரகர். அது இல்லையென்றால் உலோகம் மின்தேக்கி போல நடந்துகொள்ளும். மெதுவான அலைகள் மங்கிவிடும், அடிக்கோடு (அலை எதுவும் இல்லாதபோது பதிவு நிற்கும் மட்டம்) நிலையில்லாமல் அலையும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு செட் எலெக்ட்ரோடுகளின் அடிக்கோடு மாதக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தது. எல்லோரும் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: கொலுசு மாதிரிப் பளபளவென்று இருந்தது. யாரோ சுத்தமாக இருக்கட்டும் என்று நார் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்! உப்புக் கரைசலில் அமிழ்த்தி, வெள்ளியைப் பேட்டரியின் நேர்முனையில் கட்டினேன். எதிர்முனைக் கம்பியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. வெள்ளி சில நிமிடங்களில் மங்கி, ஊதா கலந்த சாம்பல் நிறமாக இருண்டது. அழுக்கேறிய மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் நமக்கு வேண்டிய அழுக்கு. மறுநாளிலிருந்து அடிக்கோடு நேராக நின்றது, எனக்கும் ஆய்வகத்தில் ஓர் இடம் கிடைத்தது.

இது எனக்கு மட்டும் வாய்த்த கதை இல்லை. டேவிட் ஹ்யூபல் பார்வை நரம்பியலில் பெயர் எடுப்பதற்கு முன்னால் செய்த வேலை ஊசி செய்வது. டங்ஸ்டன் கம்பியைக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரத்தால் அரித்து முனையைக் கூர்மையாக்கி, முனை மட்டும் வெளியே தெரியும்படி அரக்கு போன்ற பூச்சால் மூடினார். 1957இல் அதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார். மூளைக்குள் ஒரே ஒரு செல்லின் துடிப்பைக் கேட்க அவருக்கு அந்த ஊசிதான் வழி செய்தது.

இப்போது மறுபக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் கொண்டுவரும், எதிலும் அழுக்கைத் தேடும் அந்தச் சந்தேகப் புத்தி உங்களுக்கே குழி பறிக்கும்.

1958இல் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பூனையின் பார்வைப் புறணியில் ஒரு செல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சில்லில் கறுப்புப் புள்ளி ஒட்டிக் காட்டினார்கள். செல் மணிக்கணக்கில் மசியவே இல்லை. ஒரு தடவை சில்லைச் செருகும்போது ஒலிபெருக்கியில் படபடவென்று வெடித்தது. புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சில்லின் விளிம்பு திரையில் போட்ட மெல்லிய நிழல் கோடு, ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்ததற்குத்தான் அந்த வெடிப்பு. புறணியில் சாய்வுகளைத் தேர்ந்தெடுக்கும் செல்கள் இருக்கின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. 1981இல் நோபல். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? சில்லு விளிம்பு நிழல் விழுகிறது, கருவியில் கோளாறு என்று நோட்டில் எழுதிவிட்டு, விளிம்பை மறைக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருப்பேன்.

மிகைப்படுத்தவில்லை. முதல் ஆண்டு நான் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு பதிவின் கடைசிச் சில நிமிடங்களில் மேடு சிறுத்துக்கொண்டே வந்தது. எலெக்ட்ரோடு காய்கிறது என்று முடிவுகட்டி அந்தப் பகுதிகளை வெட்டிப் போட்டேன். மின்தடை அளந்து பார்த்தால் ஏறவே இல்லை. பொடிக் கட்டங்களுக்கு மட்டும் மேடு அதிகமாகச் சிறுத்தது, பெரிய கட்டங்களுக்கு அவ்வளவு இல்லை. அப்படியென்றால் கண்ணுக்கு வரும் உருவமே மங்குகிறது. ஏசி அறையில், கண் இமைக்காதே என்று சொல்லி உட்கார வைத்தால் வேறென்ன ஆகும்? கண்ணீர்ப் படலம் காய்ந்து உடையும். நாங்களே அவர்கள் கண்ணை மங்கலாக்கிவிட்டு, மூளையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம். இடையிடையே இமைக்க நேரம் கொடுத்ததும் சரியானது.

கண்ணீர்ப் படலம் நம் ஊர்க்காரன்தான்! கருவிழிமேல் சில மைக்ரோமீட்டர் தடிப்புக்குத் தண்ணீர், அதற்கு மேலே இமை விளிம்பிலுள்ள மெய்போமியன் சுரப்பிகள் பூசும் நானோமீட்டர் கணக்கிலான கொழுப்புப் படலம். சுத்தத் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் சொச்சம் என்றால் கண்ணீருக்கு நாற்பத்துச் சொச்சம்தான். இமைக்கும்போது அந்தக் கொழுப்பு நெருங்கும், திறக்கும்போது விரியும். யோசித்துப் பாருங்கள், இமைகள்தான் தடுப்புச் சட்டங்கள். அந்தக் கொழுப்பை எடுத்து லாங்மியூர் தொட்டியிலேயே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஐந்தரை வருடம் அளந்துகொண்டிருந்த சோதனையை என் கண்ணே நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை செய்துகொண்டிருந்தது.

எது வீணாகும் என்று கேட்டீர்கள். கட்டுப்பாடு வீணாகும். தொட்டி சரியாக வரவில்லையென்றால் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். மனிதர்களைக் கழுவிவிட்டு ஆரம்பிக்க முடியாது. ஒருவர் நேற்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார், இன்னொருவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருப்பார். நான் இதையெல்லாம் மாசு என்று சொல்லப்போக, எங்கள் பேராசிரியர், "அது மாசு இல்லப்பா, ஆள்" என்றார். ஒரே சோதனையை மூன்று தடவை செய்தால் போதும் என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, புள்ளியியலை அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. முதல் வருடம் பாதி நாள் முதுகலை மாணவர்களுக்குத் தெரிந்ததுகூட எனக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மானம் போகும், ஆனால் திரும்பி வந்துவிடும்.

முழுதாகத் தாவ பயமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. சிலிக்கோன் ஹைட்ரோஜெல் கான்டாக்ட் லென்ஸ் ஆக்சிஜனை நன்றாக விடும், ஆனால் சிலிக்கோனில் தண்ணீர் ஒட்டாது. பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) போட்டோ வேறு வழியிலோ அதன் பரப்பை ஈரம் ஏற்பதாக மாற்றியாக வேண்டும். அப்புறம் விழித்திரை உள்வைப்புகள், அதாவது பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் வைத்து மின்சாரத்தால் தூண்டும் கருவிகள். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஆர்கஸ் 2' கருவியில் இருந்தது 60 எலெக்ட்ரோடு. நம் பார்வை நரம்பில் இருப்பது சுமார் பத்து லட்சம் இழை. எலெக்ட்ரோடைச் சின்னதாக்கினால் எண்ணிக்கையைக் கூட்டலாம்தான். ஆனால் சின்னதானால் மின்தடை ஏறும், பாதுகாப்பாகச் செலுத்தக்கூடிய மின்னூட்டம் குறையும். பரப்பைச் சொரசொரப்பாக்கி, இரிடியம் ஆக்சைடோ கடத்தும் பாலிமரோ பூசித்தான் சமாளிக்கிறார்கள். உள்ளே வைத்ததும் முதலில் வந்து ஒட்டுவது புரதங்கள். இதெல்லாம் யார் வேலை? நம் வேலை.

தீசிஸ் எழுதும் இடைவெளியில் பைத்தான் நிரலாக்கமும் புள்ளியியலும் தொடங்கிவிடுங்கள். பக்கத்தில் பார்வை ஆய்வகம் ஏதாவது இருந்தால் தன்னார்வலராகப் போய் ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எலெக்ட்ரோடு ஒட்டுகிறவர் தலையை எப்படிப் பிடிக்கிறார் என்பதை அங்கிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கைடிடம் எப்போது சொல்வது என்பது தனிக் கேள்வி. நான் தீசிஸ் பைண்டிங் ஆகி வந்த மறுநாள் சொன்னேன்.