மூத்த இளவரசியிடம் யார் கேட்டார்கள்?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 23 வயது. ஃபான்டசி நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கதையில் மரணத்துக்கு ஒரு தெய்வம் உண்டு. அவன் பேரம் பேசுவான். ஆனால் பொய் சொல்லமாட்டான், சொன்ன சொல் தவறமாட்டான். சாகக் கிடக்கும் மன்னனுக்கு இருபது வருடம் தருகிறேன் என்கிறான். அதற்கு ஈடாக மூத்த இளவரசியின் ஆயுளில் இருபது வருடம் கேட்கிறான். மன்னனும் அரண்மனையும் அவனை நம்ப மறுக்கிறார்கள். வாசித்த நண்பர்கள், "பொய்யே சொல்லாத தெய்வத்தை அரச குடும்பம் ஏன் நம்பக்கூடாது?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அத்தியாயத்திலேயே நிற்கிறேன். (அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றவேணும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கொடுக்கிறா. டெஸ்டுகளுக்கு மூன்று பேரும் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போவதால் வீடு அமைதி, எழுத நேரம் கிடைக்கிறது.) வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தம்பி, கதை எழுதும் பிள்ளைகளிடமிருந்து இப்படிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. ஒரு பாத்திரம் ஏன் இப்படி நடக்கிறது என்று என்னிடம் கேட்பார்கள். பதில் பெரும்பாலும் அவர்கள் கடிதத்திலேயே இருக்கும். நீர் அதை அடைப்புக்குறிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறீர். அதற்கு வருகிறேன். முதலில் மன்னன்.

பொய் சொல்லாதவனை நம்பலாம் என்று உம்முடைய நண்பர்கள் நினைக்கிறார்கள். வட்டிக்குக் காசு கொடுப்பவரும் பொய் சொல்வதில்லை. இன்ன திகதிக்கு இவ்வளவு என்பார், அந்தத் திகதியில் படலையடியில் நிற்பார். அவர் சொல் தவறமாட்டார் என்பதுதான் அந்த வீட்டுக்காரரின் பயமே.

உமது மன்னன் உடன்படிக்கை எழுதிப் பழகியவன். தன்னைவிடப் பலமான ஒருவன் பேரத்துக்கு வந்தால் அவன் மனதில் முதலில் எழும்புவது ஒரே கேள்விதான்: பறித்துக்கொண்டு போகக்கூடியதை இவன் ஏன் கேட்டு வாங்கப் பார்க்கிறான்? மன்னன் என்றோ ஒருநாள் சாவான். இளவரசியும் சாவாள். சும்மா இருந்தாலே இரண்டு உயிரும் அந்தத் தெய்வத்தின் கைக்கு வரும். அப்படியிருந்தும் இறங்கி வந்து பேசுகிறான் என்றால், காத்திருந்து பெறமுடியாத ஒன்று அவனுக்கு வேண்டியிருக்கிறது. அது உயிராக இருக்காது. ஒரு தகப்பன் தன் வாயால் "என் மகளின் ஆயுளை எடுத்துக்கொள்" என்று சொல்வதுதான் அவனுக்கு வேண்டியதோ என்னவோ. அதை ஒருமுறை சொன்ன அரசன் அதன் பிறகு எதைத்தான் கொடுக்கமாட்டான்? உம்முடைய தெய்வத்துக்கு என்ன குறை, என்ன தேவை என்று நீர் இன்னும் தீர்மானிக்கவில்லை. அத்தியாயம் நகராமல் நிற்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொன்று. எங்கள் ஊர்க் கோயில்களில் சித்திரா பௌர்ணமிக்கு, எமனின் கணக்கரான சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். அந்தக் கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் எமனுடைய சபையில் கணக்கு என்றால் என்னவென்று தெரியும். அரசனுக்கும் ஆண்டிக்கும் அங்கே ஒரே ஏடு. அதனால்தான் அவனுக்குத் தருமராசன் என்று பெயர். பேரம் பேசும் மரண தெய்வம் அந்த ஏட்டைத் திருத்தி எழுதுகிறவன். நீதி ஆசனத்தில் இருந்த மன்னனுக்கு அது உடனே உறைக்கவேண்டும். இன்று எனக்காகத் திருத்துகிறவன் நாளைக்கு என் தம்பியோடு பேசி என் கணக்கையும் திருத்துவான். நேற்றே பேசி முடித்துவிட்டானோ, அதனால்தான் நான் படுக்கையில் கிடக்கிறேனோ என்றுகூட அவன் யோசிக்கலாம். அந்தச் சந்தேகம் அரண்மனைக்குள் புகுந்தால் உமக்கு இன்னும் மூன்று அத்தியாயம் கிடைக்கும்.

சாவித்திரிக்கு எமன் இரங்கவில்லையா என்று கேட்பீர். இரங்கினான். எப்படி இரங்கினான் என்று வடிவாகப் பாரும். சத்தியவானின் உயிரைத் தவிர வேறு எதையும் கேள் என்றான். மாமனாருக்குக் கண்பார்வை, பறிபோன அரசு, தகப்பனுக்கு நூறு பிள்ளைகள், தனக்கு நூறு பிள்ளைகள் என்று கேட்டு அவள் அவனை அவன் சொல்லாலேயே கட்டினாள். கடைசியில் புருஷனின் உயிரும் திரும்பி வந்தது. எந்த இடத்திலும் எமன் விலை கேட்கவில்லை. வேறொருவரின் ஆயுளில் வெட்டி எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

அரச குடும்பங்கள் பேரத்துக்குப் பயப்பட மண்ணிலேயே காரணம் உண்டு. யாழ்ப்பாண அரசர்களின் அரண்மனை இருந்ததாகச் சொல்லும் நல்லூர்ச் சங்கிலியன் தோப்பைத் தாண்டி எத்தனை தரம் சைக்கிளில் போயிருப்பீர்? 1591இல் போர்த்துக்கேயர் படையெடுத்து வென்று, எதிர்மன்னசிங்கத்தை நல்லூரில் அரசனாக்கினார்கள். அவர் 1617 வரை ஆண்டார். அவர் கண்மூடியபோது வாரிசு சின்னப்பிள்ளை. அரியணைக்காக வெட்டுக்குத்து நடந்தது, இரண்டாம் சங்கிலி அதிகாரத்துக்கு வந்தான், 1619இல் போர்த்துக்கேயர் அரசையே எடுத்துக்கொண்டார்கள். சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போர்த்துக்கேயர் கையால் அரியணை ஏறிய அந்தப் பேரத்தின் பயனை அனுபவித்தவர் ஒருவர், விலை கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். மனித அரசன் செத்துப்போவான், எதிரே இருக்கும் தெய்வம் சாகாது. அப்படியானவனோடு செய்யும் ஒப்பந்தத்தில் கடன் எப்போதும் பிள்ளைகளின் தலையில்தான் விடியும்.

உம்முடைய நண்பர்களுக்கு இவ்வளவும் போதும். எனக்குப் போதாது.

கடிதத்தைத் திரும்பவும் எடுத்து வாசியும். தெய்வம் பேசுகிறது. மன்னன் மறுக்கிறான். அரண்மனை சந்தேகப்படுகிறது. இருபது வருடத்தைக் கொடுக்கப்போகிற மூத்த இளவரசி எங்கே? அவளுடைய ஒரு சொல்லையாவது எழுதினீரா? அவளிடம் எவரும் கேட்டதாகவே நீர் சொல்லவில்லை. அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள், "அக்கா கொடுக்கிறா". அவவுக்குப் பயமா, விருப்பமா, யார் கேட்டது, எப்போது முடிவானது, ஒன்றும் இல்லை. அவ கொடுப்பதால் உமக்குக் கிடைத்த அமைதியை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்.

தம்பி, நீர் டெஸ்ட் கொடுத்தீரா?

பிள்ளைகள் எல்லோருக்கும் திசுப் பொருத்தத்தில் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வருகிறது. மகள் என்றால் கூட, மகன் என்றால் குறைவு என்று இல்லை. இரத்த வகை சேராமல் போகலாம், பிரஷர் அல்லது சீனி இருந்தால் டொக்டர்மார் வேண்டாம் என்று விடலாம். அப்படி ஒரு காரணம் உமக்கு இருந்தால் கடிதத்தில் அது வந்திருக்கும். உலக அளவில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். பெண்களின் உடம்பு வேறு விதம் என்பதால் மட்டும் அல்ல. "அவ கொடுப்பா" என்று வீட்டில் எல்லோரும் முதலே நினைத்துவிடுவதும் அதற்கு ஒரு காரணம் என்பதுதான் என் எண்ணம். உம்முடைய வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லை என்றால் எனக்கு எழுதும், சந்தோசப்படுவேன்.

யயாதி என்ற அரசன் சாபத்தால் வந்த முதுமையைத் தாங்கமாட்டாமல் பிள்ளைகளிடம் இளமையைக் கேட்டான். மறுத்தவர்களைச் சபித்தான். கடைசி மகன் பூரு கொடுத்தான். யயாதியை நான் ஒருநாளும் மெச்சியதில்லை. பிள்ளையின் இளமையை எடுத்துத் தான் அனுபவித்த தகப்பன் அவன். ஆனால் அவன்கூடப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் முகம் பார்த்துக் கேட்டான். ஐந்து பேருக்கும் கேள்வி ஒன்றுதான். எதிர்ப்பக்கத்தில் பாபர் இருக்கிறார். 1530இல் மகன் ஹுமாயூன் சாகக் கிடந்தபோது கட்டிலைச் சுற்றி வந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்று வேண்டினார் என்று சொல்வார்கள். மகன் எழும்பினான், தகப்பன் அந்த வருடமே போய்ச் சேர்ந்தார். சாவோடு பேரம் பேசித்தான் ஆகவேண்டும் என்றால், தன்னுடையதை வைத்துப் பேசுகிறவன்தான் எனக்கு அரசன்.

சிறுநீரகம் கொடுக்கும்படி உம்மை நான் வற்புறுத்தவில்லை. அப்படி வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை. பரிசோதித்து, யோசித்து, "எனக்குப் பயம், என்னால் ஏலாது" என்று நீர் சொன்னால் அதை மதிப்பேன். ஆனால் அதை உம்முடைய வாயால், அப்பாவும் அம்மாவும் அக்காவும் இருக்கும் இடத்தில் சொல்லவேண்டும். கொள்ளி வைக்கும் உரிமையை ஆண்பிள்ளைக்கு ஊர் தந்திருக்கிறது. உயிரோடு இருக்கும் தகப்பனுக்குச் செய்யவேண்டியதெல்லாம் அக்காவின் தலையில் என்றால், அந்தக் கொள்ளிக்கு என்ன மரியாதை?

அப்பா இப்போது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? டயலிசிஸுக்காகக் கையில் குழாய் வழி செய்திருந்தால், எந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது? இளநீரும் வாழைப்பழமும் ஏன் வேண்டாம் என்றார்கள்? அக்காவிடம் கேட்டால் நித்திரையிலும் சொல்லுவா. நீர் சொல்வீரா?

அக்காவிடம் போய் இருந்து கதையும். அவவுக்கு விருப்பம்தானா என்று கேளும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரும், அவ சொல்லி முடிக்கும் வரை. கொடுப்பவரைத் தனியாக இருத்தி டொக்டர்மார் பேசுவார்கள், கடைசி நிமிடத்திலும் மாட்டேன் என்று சொல்லலாம் என்பது அவவுக்குத் தெரியுமா என்று பாரும். கலியாணம் ஆகாதவ என்றால், பின்னாளில் பிள்ளைப்பேற்றின்போது பிரஷர் கூடும் வாய்ப்பைப் பற்றி இப்போதே கேட்டு வைக்கவேண்டும். கலியாணம் பேசுகிற இடத்தில் இதை மறைக்கச் சொல்லிச் சொந்தக்காரர் வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை உம்முடையது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்கு அக்கா பாரம் தூக்கக்கூடாது. அவ வருடாவருடம் பரிசோதனைக்குப் போகவேண்டும். அப்பாவுக்குப் புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஒரு நாளும் தவறாமல் குளிசை வேண்டும். அந்தக் குளிசை நேரங்களை ஒரு கொப்பியில் எழுதி நீர் பொறுப்பெடும். அடுத்த கிளினிக்குக்கு நீரும் போம்.

அதன் பிறகு அத்தியாயத்துக்கு வாரும். மன்னன் தெய்வத்துக்குப் பதில் சொல்வதற்கு முன் மகளைக் கூப்பிடட்டும். அவளுக்குப் பெயர் வையும். அவள் மாட்டேன் என்று சொன்னாலும் கதை நடக்கும்படி எழுதும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பும். அதோடு கிளினிக்கில் டொக்டர் என்ன சொன்னார் என்றும் எழுதும்.